பெருங்குகையில் ஏறுவதும் இறங்குவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிரீஸ் நாட்டின் காலிம்னோஸ் தீவிலுள்ள ‘கிராண்டே குரோட்டா’ என்னும் குகையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பயணக் குறிப்பு வெளியாகியிருந்தது. பாறையில் முன்கூட்டியே போல்ட் அடித்து வைத்த தடங்களில் கயிற்றின் துணையோடு ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங்குக்காகப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து போகும் இடம் அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே செய்தியைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் மகனும் மருமகளும் அக்டோபரில் காலிம்னோஸ் செல்கிறார்கள், என்னையும் உடன் அழைக்கிறார்கள். எனக்கு வயது அறுபத்திரண்டு. பாறை ஏறுவதெல்லாம் எனக்கு ஆகாத காரியம். அந்தக் குகையில் எனக்குப் பார்க்க ஏதாவது உண்டா, அல்லது விடுதியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மசூரி என்னும் கடற்கரைச் சிற்றூரை ஒட்டிய சாலையிலிருந்து குகைக்கு மேல்நோக்கி நடக்க இருபது நிமிடம் ஆகும்; நின்று நின்று நடந்தால் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு கிடையாது, கைப்பிடி கிடையாது. முள்செடிகளுக்கும் உடைந்த சுண்ணாம்புக் கற்களுக்கும் நடுவே ஆடுகள் போட்ட தடமும் மனிதர்கள் போட்ட தடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். செருப்பு வேண்டாம், அடி வழுக்காத ஷூவும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் இருந்தால் போதும். மேலே கடை எதுவும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை.

குகை என்றதும் இருட்டையும் வௌவால் நாற்றத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது உள்ளே நீண்டு போகும் பொந்து அன்று. மலையின் முகத்தை யாரோ பெரிய அகப்பையால் வழித்தெடுத்தது போல, வாய் அகன்று கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் கூடம். கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குகின்றன. விரல் பருமன் உள்ளவையும் உண்டு, ஆலமரத்து விழுதைப் போல இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளத் தக்கவையும் உண்டு. நான் அங்கே முதன்முதலாகப் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது: ஒரு பெண் கூரைக்கு அருகே இரண்டு விழுதுகளுக்கு நடுவே முழங்காலைச் செருகிப் பூட்டிக்கொண்டு, இரு கைகளையும் தொங்கவிட்டு, தலை சற்றே கீழாக இருந்தபடி, கீழே கயிறு பிடித்திருந்தவரிடம் மதிய உணவுக்கு என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். அப்படி ஓய்வெடுப்பதற்கென்றே தொடையில் ரப்பர் ஒட்டிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். பாறை ஏறுவது கைவலிமையின் வேலை என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை பார்த்தால் போதும்.

காலையில் போங்கள். குகை மேற்கைப் பார்த்தது. நண்பகல் தாண்டும் வரை நிழல் இருக்கும், பிறகு வெயில் நேராக உள்ளே இறங்கும். எதிரே கடலுக்கு அப்பால் தெலெண்டோஸ் என்னும் குட்டித் தீவு மலையாகவே எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் காலிம்னோஸோடு ஒட்டியிருந்த அது கி.பி. 6ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் பிரிந்துபோனது என்பது அவ்வூர் வழக்கு. உட்காரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஏறுபவருக்கு நேர் கீழேயும், அவர் ஊசலாடி வரக்கூடிய திசையிலும் உட்காரக் கூடாது, குகைக்கு மேலே மேயும் ஆடுகள் கல்லை உருட்டிவிடும் என்பதால் வாயிலின் விளிம்புக்கு நேர் கீழேயும் கூடாது.

கேள்வி: என் மகன் ஆறு மாதமாகச் செயற்கைச் சுவரில் பயிற்சி எடுக்கிறான். மேலிருந்து கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டால் தொடக்கநிலையில் உள்ளவனும் இந்தக் குகையில் ஏறலாம் அல்லவா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறையப் பேருக்கு வரும் எண்ணம் இது. ஆனால் இந்தக் குகையில் அதற்கு இடமில்லை. மேலிருந்து கயிறு கட்டும் முறை செங்குத்தான சுவருக்கு ஏற்றது. அங்கே கைவிட்டாலும் இருந்த இடத்திலேயே தொங்குவோம். குகையின் தடங்களோ வெளிப்புறமாகச் சாய்ந்து ஏறுகின்றன. தடத்தின் முடிவு, தொடக்கத்திலிருந்து பல மீட்டர் வெளியே தள்ளி இருக்கும். அங்கிருந்து கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டு அடியில் ஏறத் தொடங்குபவர் கைவிட்டால், கோயில் மணியின் நாக்குப் போல வெளியே வீசப்படுவார்; வழியில் மரமோ பாறையோ ஆளோ இருந்தால் அதில் மோதுவார். இடையிலுள்ள போல்ட்டுகளில் கயிறு மாட்டியபடியே இருந்தால் ஊசல் குறையும். ஆனாலும் கைவிட்டவர் பாறையை விட்டு விலகி அந்தரத்தில் நிற்பார்; கயிற்றைத் தாவித் தாவி இழுத்து மீண்டும் பாறையைத் தொட வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அதுவே பாதி உயிரை எடுத்துவிடும்.

தடங்களின் கடினமும் ஒரு காரணம். அங்கே வழங்கும் பிரெஞ்சு அளவுமுறையில் எண்ணும் எழுத்தும் ஏற ஏறக் கடினம் கூடும். குகையின் புகழ்பெற்ற தடங்களுள் ‘டிஎன்ஏ’ 7ஏ+, ‘ஏகியாலிஸ்’ 7சி. இவற்றைத் தொட ஆறு மாதப் பயிற்சி போதாது. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகள் தேவைப்படும். மகன் மனம் உடைய வேண்டியதில்லை. தீவில் 3000க்கும் மேற்பட்ட தடங்கள் உள்ளன. 5, 6 என்ற எண்களில் தொடங்குபவை ஏராளம். அர்கினோண்டா பள்ளத்தாக்கில் நான்கு நாள் ஏறிவிட்டு, ஐந்தாம் நாள் குகைக்குப் போய்ப் பிறர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல திட்டம். அதற்கு முன் கர்நாடகத்தின் பாதாமியில் மணற்கல் பாறைகளில் உள்ள போல்ட் தடங்களில் ஒரு வாரம் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். செயற்கைச் சுவரில் எந்தப் பிடியில் கை வைக்க வேண்டும் என்று நிறமே சொல்லிவிடும். பாறையில் அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: இத்தனை உயரத்தில் தலைகீழாகத் தொங்குபவர்கள் விழுந்தால் என்ன ஆகும்? இவ்விளையாட்டை அரசு எப்படி அனுமதிக்கிறது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: விழுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் இறங்குவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குகையில் அடிபடுவதற்கான வாய்ப்பு அதில்தான் அதிகம்.

சாய்ந்த கூரையிலிருந்து விழுபவருக்கு, முதல் இரண்டு மூன்று போல்ட்டுகளைத் தாண்டிவிட்டால், மோதுவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. காற்றில் விழுந்து, கயிறு நீண்டு கொடுக்க, தூளியில் போட்ட குழந்தை போல ஆடி நிற்பார். கயிறு காலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் தலைகீழாகப் புரண்டுவிடும் அபாயம் உண்டு. ஐந்தாறு மீட்டர் விழுந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மீண்டும் ஏறுபவர்களை ஒரு காலைப் பொழுதிலேயே பத்து முறை பார்க்கலாம்.

இறங்கும்போது நிலைமை வேறு. தடம் 35 மீட்டர் என்றால், மேலே போய்த் திரும்பி வர 70 மீட்டர் கயிறு போதும் என்று கணக்குப் போடுவோம். ஆனால் ஏறத் தொடங்கிய இடத்தில் நாம் வந்து இறங்குவதில்லை. தடத்தின் உச்சிக்கு நேர் கீழே, அதாவது பல மீட்டர் வெளியே தள்ளி இறங்குகிறோம். குகையின் தரையோ வெளிநோக்கிச் சரிவது. ஆகவே இறங்க வேண்டிய தூரம் ஏறிய தூரத்தைவிடக் கூடிவிடுகிறது. எனக்கே இது நேர்ந்திருக்கிறது. 70 மீட்டர் கயிற்றை நம்பி ஏறினேன். திரும்பும்போது தரைக்கு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே கயிறு நின்றுவிட்டது. கயிற்றின் கடைசி முனையில் போட்டிருந்த முடிச்சு, கீழே இருந்து கயிற்றைப் பிடித்துக் காக்கும் (இதைப் ‘பிலே’ என்பார்கள்) நண்பரின் பிலே கருவியில் வந்து முட்டி நின்றது. அவர் பாறையடியை நோக்கிச் சரிவில் மெல்ல மேலேறி வர வர, நான் அந்த அளவுக்கு இறங்கி, கால் பெருவிரலால் தரையைத் தொட்டேன். அந்த முடிச்சு இல்லாதிருந்தால் கயிற்றின் முனை கருவியை விட்டு நழுவியிருக்கும். இந்தப் பதிலை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். குகைக்கு 80 மீட்டர் கயிறு கொண்டு போங்கள். எத்தனை மீட்டர் கொண்டு போனாலும் முனையில் முடிச்சு இருக்கட்டும்.

அடுத்தது, பாறையில் மாட்டிவிட்டு வந்த குயிக்டிராக்களை (கயிற்றைப் போல்ட்டோடு இணைக்கும், இரு முனையிலும் கொக்கி உள்ள பட்டைகள்) கழற்றிக்கொண்டு இறங்குவது. அந்தரத்தில் தொங்குபவருக்குப் பாறை எட்டாது. ஆகையால் இடுப்பிலுள்ள குயிக்டிரா ஒன்றைப் பிலே செய்பவர் பக்கத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, அந்தச் சாய்வுக் கோட்டிலேயே சறுக்கி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கடைசிக் குயிக்டிராவைக் கழற்றும் கணத்தில் அவர் வெளியே வீசப்படுவார். அதற்கு முன்பு கயிற்றில் மாட்டியதை விடுவிக்க மறந்தால், கீழே இருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் கழற்றியவர்கள் மரக்கிளையில் விலாவை இடித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். நாள் முழுக்கக் கடினமான தடத்தில் ஏறிக் களைத்தவர் ‘முடிந்துவிட்டது’ என்று மனம் தளரும் நேரமும் அதுவாகவே இருக்கிறது.

அனுமதியைக் கேட்டிருந்தீர்கள். கட்டணமோ அனுமதிச் சீட்டோ இன்றி எவரும் ஏறலாம், பொறுப்பு அவரவருடையது. அவசர உதவிக்கு ஐரோப்பா முழுவதும் 112 என்ற எண்.

கேள்வி: மீன்பிடித் தீவு ஒன்று பாறை ஏறுபவர்களின் ஊராக மாறியது எப்படி?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: காலிம்னோஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது மீனைவிடக் கடற்பஞ்சு. தட்டையான கல்லொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சடக்கிக் குதித்து, கடலடியில் வளரும் பஞ்சை அறுத்து வந்த தீவு அது. 1860களில் காற்றுக்குழாய் பொருத்திய முக்குளிப்பு உடை வந்தது. ஆழமும் நேரமும் கூடின, வருமானமும் கூடியது. ஆழத்தில் நெடுநேரம் இருந்தவரின் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வரும்போது குமிழ்களாகப் பிரிந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. பலர் இறந்தார்கள், பலருக்குக் கால்கள் முடங்கின. நடுங்கும் கால்களோடு கோலூன்றி ஆடும் ‘மிகானிகோஸ்’ என்னும் நடனம் அவர்களின் நினைவாக இன்றும் அங்கே ஆடப்படுகிறது. அந்த முக்குளிப்பவர்களையும் கடலின் அடி கொன்றதைவிடத் திரும்பும் வழி கொன்றதே அதிகம். முந்தைய பதிலை எழுதும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1980களின் நடுவில் மத்தியதரைக் கடலில் பஞ்சுகளுக்கு நோய் பரவி, ஏற்கெனவே நலிந்திருந்த தொழிலை ஒடுக்கியது. 1996இல் விடுமுறைக்கு வந்த ஆந்திரேயா தி பாரி என்னும் இத்தாலியப் பாறையேறி, மசூரிக்கு மேலே நின்ற சுண்ணாம்புச் சுவர்களைக் கண்டு வியந்து, மறு ஆண்டு நண்பர்களோடு திரும்பி வந்து முதல் தடங்களுக்குப் போல்ட் அடித்தார். ‘கிராண்டே குரோட்டா’ என்பதற்கு இத்தாலிய மொழியில் ‘பெருங்குகை’ என்றே பொருள். உள்ளூர் நகராட்சி இதன் பயனை விரைவில் உணர்ந்து துணை நின்றது. கோடைக் கூட்டம் கலைந்த பிறகு அடைபட்டுக் கிடந்த விடுதிகள், பாறையேறிகளால் அக்டோபரிலும் நவம்பரிலும் நிரம்பத் தொடங்கின.

கேள்வி: கல்விழுதுகள் எவ்வாறு உருவாகின்றன? இவ்வளவு பேர் பிடித்து ஏறினால் அவை உடைந்துவிடாதா?
— ஒரு ஆசிரியை, திருச்சி

பதில்: மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏந்திக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கும்போது அதைக் கரைத்துத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. குகையின் கூரைக்கு வந்து காற்றைத் தொட்டதும் அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு துளித்துளியாகப் படிகிறது. கூரையில் தொங்கினால் கல்விழுது. சாய்ந்த சுவரில் நீர் வழிந்த கோட்டிலேயே படிந்து நீண்ட முகடாக எழுந்து நின்றால் பாறையேறிகள் அதைத் ‘தூஃபா’ என்பார்கள். ஒரு விரல் நீளம் வளர நூற்றாண்டுகள் பிடிக்கும்.

உடையுமா என்றால், மெல்லியவை உடையும். அனுபவமுள்ளவர்கள் முழு எடையையும் கொடுப்பதற்கு முன் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். வெற்றுக் குடத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தால் அதைத் தவிர்த்து வேறு பிடி தேடுவார்கள். உடைவதைவிடப் பரவலான கேடு வழவழப்பு. ஆயிரக்கணக்கான கைகளும் காலணிகளும் பட்டு, பழைய தடங்களின் பிடிகள் அம்மிக்கல் போல மெருகேறிவிட்டன. வியர்வையைப் போக்கப் பூசும் வெள்ளைப் பொடியும் அப்பிக்கொள்கிறது. சிறு தூரிகையால் பொடியைத் தேய்த்துவிட்டு இறங்குவதை அங்கே மரியாதையாகக் கருதுகிறார்கள். எல்லோரும் அதைச் செய்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: உலகிலேயே மிகக் கடினமான தடம் இந்தக் குகையில்தானா இருக்கிறது?
— ஒரு மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் பகுதியிலுள்ள ஹான்ஷெலரன் குகையாக இருக்க வேண்டும். செக் நாட்டின் ஆடம் ஒண்ட்ரா அங்கே 2012 அக்டோபரில் ‘சேஞ்ச்’ என்ற தடத்தை ஏறி உலகின் முதல் 9பி+ என்றார். 2017 செப்டம்பர் 3 அன்று ‘சைலன்ஸ்’ தடத்தை ஏறி முதல் 9சி என்று அளவிட்டார். அங்கே பாறை சுண்ணாம்பு அன்று, கருங்கல் இனம். விழுதுகள் கிடையா, வெடிப்புகளும் விளிம்புகளும் மட்டுமே.

கேள்வி: எப்போது போவது நல்லது? விசா, பயண ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்லுங்கள்.
— பல வாசகர்கள்

பதில்: ஏப்ரல், மே, மீண்டும் செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. அக்டோபரில் கூட்டம் மிகுதி. பெயர் பெற்ற தடங்களுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். குளிர்காலத்தில் மழை உண்டு. மழை பெய்யும் நேரத்தில் குகைக்குள் நனையாமல் ஏறலாம். ஆனால் அந்த நீர் பாறைக்குள் ஊறிச் சில நாள் கழித்துத் தூஃபாக்கள் வழியே கசியத் தொடங்கும். வானம் வெளுத்த பிறகு குகை ஈரமாக இருப்பதைக் கண்டு குழம்பாதீர்கள்.

ஏதென்ஸிலிருந்து தீவுக்குச் சிறு விமானம் உண்டு. பலர் கோஸ் தீவுக்குப் பறந்து, மஸ்திகாரி துறையிலிருந்து படகில் காலிம்னோஸின் தலைநகரான போத்தியாவுக்கு வருகிறார்கள். காற்று மிகுந்தால் படகு நிற்கும். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் ஏதோ ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். அதன் விதிகளில் பாறை ஏறுதல் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மலிவான திட்டங்களில் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: கடற்கரையில் இருக்கும் போல்ட்டுகள் துருப்பிடிக்காதா?
— ஒரு பொறியாளர், தூத்துக்குடி

பதில்: உப்பளத்து ஊரிலிருந்து வரும் கேள்வி, சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், அது பெரிய கவலை அன்று. துருவே தெரியாமல் பளபளவென்று இருக்கும் எஃகு, உப்பும் இழுவிசையும் சேர்ந்து உள்ளுக்குள் விரிசல் விட்டு, ஒரு நாள் திடீரென்று முறிவதுதான் அச்சத்துக்குரியது. தாய்லாந்தின் ரெய்லே கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு எனப்படும் போல்ட்டுகளே இப்படி முறிந்ததால், பசை வைத்துப் பதிக்கும் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாறினார்கள். காலிம்னோஸிலும் பழைய தடங்களுக்குப் புதிதாகப் போல்ட் அடிக்கும் பணி அவ்வப்போது நடக்கிறது. எங்கே புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பழைய வழிகாட்டிப் புத்தகம் சொல்லாது. அண்மைப் பதிப்பை வாங்குங்கள்.

கேள்வி: மலேசியாவின் பத்துமலையிலும் பாறை ஏறுகிறார்களாமே, முருகன் சந்நிதியிருக்கும் குகையிலா?
— ஒரு வாசகி, ஈப்போ

பதில்: கோயில் குகையில் அன்று. 272 படியேறிப் போகும் கோயில் ஒரு பக்கம். ஏறும் தடங்கள் அதே சுண்ணாம்புக் குன்றின் டாமாய் என்னும் மற்றொரு பக்கம். தைப்பூசத்தன்று அந்தப் பக்கமும் சாலை நெரிசலில் சிக்கிக்கொள்ளும். வேறு நாளில் போங்கள்.

கேள்வி: வெள்ளைப் பொடியை விமானத்தில் எடுத்துச் செல்லலாமா? காவலர்கள் சந்தேகப்பட மாட்டார்களா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அது மக்னீசியம் கார்பனேட், தடை செய்யப்பட்ட பொருள் அன்று. ஆனால் சந்தேகப்படுவார்கள். கடையில் வாங்கிய உறையைப் பிரிக்காமல், சரக்குப் பெட்டியில் ஹார்னஸுக்கும் (கயிற்றைக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை) காலணிக்கும் பக்கத்திலேயே வையுங்கள். திறந்து பார்ப்பவருக்கு இது என்ன சாமான் என்று தானே விளங்கும். என் நண்பர் ஒருவர் பொடியை ஒரு காலி ஊறுகாய் டப்பாவில் போட்டுக் கைப்பையில் எடுத்து வந்தார். சோதனை மேசையில் அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. போத்தியாவிலும் மசூரியிலும் அந்தப் பொடி கிடைக்கிறது.